இடது கைக் கையெழுத்து

வருமான வரி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ரூபி, ஆடிட்டர் தனக்கொடியின் அலுவலகத்துக்கு வந்தபோது அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. குருசுக்குப்பத்தில் அவள் நடத்தும் ஐஸ் கம்பெனியிலிருந்து போன வருஷம் அவள் கணக்குக்குப் பன்னிரண்டு லட்சம் வந்திருந்தது. மகள் மெரினின் படிப்புக்கு அதில் பெரும்பகுதி போய்விட்டது. அது என்ன பணம், லாபத்தில் கொடுத்ததா, ஏன் வரி கட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள்.

"பயப்படாதீங்க. அது நீங்க கொரோனா காலத்துல போட்ட பணம்தானே?" என்றார் தனக்கொடி.

போட்டவள் அவள்தான். ஊரடங்கில் படகுகள் கடலுக்குப் போகவில்லை, ஐஸ் வாங்க ஆளில்லை. ஆறு பேருக்குச் சம்பளம், கரண்ட் பில். கணவர் இறந்தபின் கம்பெனியில் பாதிப் பங்கு அவளுடையது, மறுபாதி கணவரின் தம்பி சவரிராயனுடையது. அவன் கையில் காசில்லை. அவள் அப்பா கொடுத்த மனையை விற்றாள். பணத்தை ரொக்கமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகத்தான் நினைத்தாள். தனக்கொடி விடவில்லை.

"பேங்க் வழியா அனுப்புங்க. பங்கா எழுதினா திரும்ப எடுக்கறது லேசு இல்ல. லாபமா எடுத்தா வரி. கடனா எழுதுனா, நாளைக்குக் கம்பெனி தர்றது உங்க பணம்தான், அது வருமானம் ஆகாது."

நம்ம கம்பெனிக்கு நாமளே கடன் பத்திரம் எழுதணுமா என்று அன்று அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இப்போது தனக்கொடி ஃபைலைத் திறந்தார். மனை விற்ற பத்திரம், பேங்க் தாள், கடன் ஒப்பந்தம். அதற்குப் பின்னால் வருஷத்துக்கு ஒன்றாக, 'ரூபிக்குக் கம்பெனி இவ்வளவு தரவேண்டும்' என்று சவரிராயன் கையெழுத்திட்ட தாள்கள். ஒன்றில் மட்டும் எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

"இது யாரு போட்டது?"

"அவர்தான். பக்கவாதம் வந்த வருஷம், இடது கையால போட்டார். கை சரியானதும் போடலாம்னேன், கேக்கல."

பதில் அனுப்பி ஐந்து வாரத்தில் மேல்நடவடிக்கை இல்லை என்று கடிதம் வந்தது. ரூபி தனக்கொடிக்கு நன்றி சொல்லிவிட்டு நேராக சவரிராயன் வீட்டுக்குப் போனாள். அவன் கைத்தடியை ஊன்றி எழுந்தான்.

"உக்காரு தம்பி. இடது கையில போட்டியாமே, எங்கிட்ட சொல்லவே இல்ல."

"என்னத்த சொல்றது அண்ணி. வலது கை தூக்க வரல. எனக்கு ஏதாவது ஆயிட்டா, உங்களுக்குத் தரவேண்டியதுன்னு சொல்ல ஆள் வேணுமே."

"அப்படி ஒரு கடனே இல்லன்னு சொல்லியிருந்தா அந்தப் பணத்துல பாதி உனக்குத்தானே?"

"அந்தப் பணம் வரலன்னா கம்பெனியே இல்ல. அப்புறம் எதுல பாதி?"

அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. அவன் வலது கையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் பூசைக்கு ஆட்டோ பிடிக்காத. நான் வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"எட்டு மணிப் பூசைக்கா?"

"ஏழரைக்கே வந்துடுவேன்."