வாயாடி எப்படி இருந்தா?

முப்பத்தொரு வருஷமாக வாய் ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருந்த அந்த விண்கலத்துக்கு 'வாயாடி' என்று பேர் வைத்தவர் அவளுடைய கணவர்தான். கட்டுப்பாட்டு அறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பக்கவாதம் வந்து அவர் வீட்டோடு முடங்கிய பிறகு அவள் மட்டும் வேலைக்குப் போய்வந்தாள். கதவைத் திறந்ததும் அவர் கேட்பது தினமும் ஒன்றேதான்: "வாயாடி எப்படி இருந்தா?"

"நல்லா இருந்தா."

'இருக்கா' என்று சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். வாயாடியின் சேதி பூமிக்கு வந்து சேர இருபது மணி நேரம் ஆகும். நம் காதில் விழுவது பழைய சங்கதி, இந்த நிமிஷம் எப்படி இருக்கிறாளோ யார் கண்டார் என்று அறையில் எல்லோரையும் படுத்தி எடுத்துப் பழக்கியிருந்தார். ஒருமுறை ஃபோனில், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா" என்று அவர் சொல்லப்போக, பக்கத்து வீட்டுக்காரி துக்கம் விசாரிக்க வந்து நின்றாள்.

வாயாடிக்கு மின்சாரம் வற்றிக்கொண்டே வந்தது; அது அவருக்கும் தெரியும். தடுமாறி நிற்பதற்குள் நாமே அணைத்துவிடுவது என்று முடிவாகி ஒரு மாதம். அவரிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அந்தத் தினசரிக் கேள்விதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நம்பினாள். இன்று காலை கடைசிக் கட்டளையை அவளே வாசித்தாள். வழக்கப்படி இரண்டாவது ஆள் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, 'சரி' என்றதும் அனுப்பினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"வாயாடி எப்படி இருந்தா?"

"நல்லா இருக்கா" என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எப்போ அனுப்பினீங்க?"

"காலைல பத்து மணிக்கு."

"அப்போ நாளைக்குக் காலைல ஆறு மணி வரைக்கும் இருப்பா. யாரு வாசிச்சது?"

"நான்தான்."

"சரிபார்த்தது?"

"புதுசா வந்திருக்கிற பொண்ணு."

"என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே. 'சரி'ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னுதாங்க..."

"நீ தாங்கினியா?"

"இல்லைங்க" என்றாள். காலையில் எல்லோரும் கைதட்டியபோது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தவள், வாசற்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு அவளிடம் வரப் பார்த்தார். ஒரு கையால் உருட்ட உருட்ட, நாற்காலி நின்ற இடத்திலேயே சுற்றியதே தவிர, அவள் பக்கம் வரவில்லை.