பட்டியலில் விட்டுப்போன வெயில்

லாடத் தெரு ஒன்பதாம் எண் கட்டிடத்தின் மூன்றாம் மாடி முகப்பு வீட்டில் 1951 ஜூன் இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்குப் பிறகு வெயில் விழுந்ததே இல்லை. வீடு தெற்குப் பார்த்தது. ஆளைவிட உயரமான நான்கு சன்னல்கள், ஒரு பால்கனி, எதிரே மறைக்கிற கட்டிடம் எதுவும் கிடையாது. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் அடிக்கிற அதே வெயில் இந்தக் கண்ணாடிகள் வரை, பால்கனிக் கைப்பிடி வரை வந்து, அனுமதிச் சீட்டு இல்லாத ஆள் மாதிரி வெளியிலேயே நின்றுவிடும். புடாபெஸ்டில் இதைவிட விசித்திரமான வீடுகள் அப்போது நிறைய இருந்ததால் பத்திரிகைக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

1893-ல் இந்தக் கட்டிடத்தைக் கட்டியவர் வெயிலை ஆள் பார்த்துத்தான் பங்கிட்டார். தெருப் பக்கத்து வீடுகளுக்குச் சிவப்புப் பளிங்குப் படிக்கட்டும், விடிந்ததிலிருந்து மாலை நான்கு மணி வரை வெயிலும் கிடைத்தன. உள்முற்றத்தைச் சுற்றி இரும்புக் கிராதி போட்ட நடைபாதைகளில் வரிசையாக இருந்த ஒற்றை அறைகளுக்குப் பதினொன்றிலிருந்து இரண்டு வரை. மூன்றாம் மாடி பால்கனியை இரண்டு கல் ராட்சதர்கள் தோளில் சுமந்தார்கள். அவர்கள் முதுகிலும் நன்றாக வெயில் அடித்தது. கல்லுக்குக்கூடக் கொடுத்தவர் கட்டிடக் காவல்காரிக்குக் கொடுக்க மறந்துவிட்டார். அவளுக்கென்று கட்டிய வாசலறையின் ஒரே சன்னல் தெருவையும் பார்க்காது, முற்றத்தையும் பார்க்காது. உள்ளே நுழைகிறவர்களின் முழங்காலைத்தான் பார்க்கும்.

அந்த அறையில் பதினேழு வருடம் இருந்தவள் பொர்பாலா சிஸ்மார். கணவன் யுத்தத்தில் ரஷ்யப் பனியில் தொலைந்துபோனான். மகள் எடெல்காவுக்கு ஒன்பது வயது. எலும்பு வளைந்து, மார்புச் சளியோடு வளர்ந்தாள். வட்டார மருத்துவர் மருந்துச் சீட்டில் ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தார்: வெயில். எந்தக் கடையில் கிடைக்கும் என்று பொர்பாலா கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. மூன்றாம் மாடியில் தனியாக இருந்த மால்வின் ஓர்மோதி, நீதிபதி ஒருவரின் விதவை, இதைக் கேள்விப்பட்டு, "தினம் பத்து மணிக்குப் புள்ளைய மேல அனுப்பு பொர்பாலா, பால்கனியில உக்காரட்டும்" என்றாள். இரண்டு வருடம் எடெல்கா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து சீமை மாதுளை ஜாம் தடவிய ரொட்டி தின்றாள். கால் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் தினமும் படியேறிப் போய் வாங்குகிற தயவு தொண்டையில் முள்ளாக நிற்கும் என்பது வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வியாழக்கிழமை விதவைக்குத் தலைவலி, கதவு திறக்கவில்லை. குழந்தை திரும்பிவந்து இருட்டில் உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் பொர்பாலாவின் மனதில் அது விழுந்தது. தலைவலி வராத வெயில் வேண்டும், சொந்த வெயில் வேண்டும்.

கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் ஒவ்வொரு கட்டிடக் காவல்காரியும் குடியிருப்பவர்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்பது வழக்கம். பொர்பாலா எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாடி, முகப்பு, மூன்று அறைகள், ஒரே ஆள், பழைய ஆட்சியின் நீதிபதி ஒருவரின் மனைவி. அவ்வளவுதான். மூன்று வாரத்தில் போலீஸ்காரர் ஒருவர் காகிதத்தோடு வந்தார். இருபத்துநான்கு மணி நேரத்தில் கிளம்பி, திசா ஆற்றுக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போக வேண்டும். ஐந்நூறு கிலோ வரை எடுத்துப் போகலாம். விட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் ஏறியது அரசுக்கு, ஏறாதது சொந்தக்காரிக்கு. பட்டியலை எழுதும் பொறுப்பு வழக்கம்போலக் காவல்காரிக்கு வந்தது.

ஓடு பதித்த அடுப்பு, பியானோ, கண்ணாடி அலமாரி, பிரம்பு நாற்காலி, கதவுக் கைப்பிடிகள், சரவிளக்கு, ஒன்றுவிடாமல் பொர்பாலா எழுதினாள். சரக்கறையில் இருந்த பதினான்கு ஜாம் ஜாடிகளையும் எழுதினாள். விதவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தாள்.

"வெயில் இதுல இல்லையே" என்றாள்.

போலீஸ்காரர் வாங்கிப் பார்த்தார். இல்லைதான். "எழுதலேன்னா உங்களுதுதான். சட்டம்னா சட்டம். சீக்கிரம் கட்டுங்க, லாரி நிக்குது."

விதவை குனிந்து, சன்னலோரத்தில் மரத்தரை மேல் விழுந்திருந்த வெயிலின் இரண்டு முனைகளைப் பிடித்துத் தூக்கினாள். அது துவைத்துக் காயவைத்த படுக்கை விரிப்பு மாதிரி கையோடு வந்தது. பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பதினேழு வருடமாக அந்த வீட்டு விரிப்புகளைத் துவைத்தவள் பொர்பாலா. யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. மறுமுனையைப் பிடித்தாள், உதறினாள், நான்கு எட்டு முன்னால் நடந்து முனையோடு முனை சேர்த்தாள், மறுபடி பின்னால் போனாள். நான்கு சன்னல் வெயிலும் பால்கனி வெயிலும் இப்படியே மடிந்து, ஒரு பிரம்புக் கூடையில் அடங்கிவிட்டது. எடை போட்டார்கள். முள் அசையவில்லை. கூடையின் மூடியை இறுக்கிக் கட்டும்போதுதான் அறை கிணற்றின் அடி ஆழம் மாதிரி இருண்டுவிட்டதைப் பொர்பாலா கவனித்தாள். எதற்காக இவ்வளவும் செய்தாளோ அதை மட்டும் எழுத மறந்து, மடித்தும் கொடுத்துவிட்டாள்.

ஒரு வாரத்தில் வீடு அவள் பெயருக்கு வந்தது. முதல் மாதம் சன்னல்களைத் தினமும் வினிகர் போட்டுத் துடைத்தாள். இரண்டாம் மாதம் மனு கொடுத்தாள். நகரசபை ஆள் ஒருவர் கைவிளக்கோடு வந்து, சன்னல் எண்ணிக்கையையும் திசையையும் குறித்துக்கொண்டு, மேற்படி வீட்டில் விதிப்படி வெயில் உள்ளது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத் தடுமாறிப் படியிறங்கினார். அந்தச் சான்றிதழைப் படிக்கப் பொர்பாலா நடைபாதைக்கு வர வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்திலாவது குழந்தையை உட்காரவைக்கலாம் என்று மேல் மாடிக்குப் போனால், தையற்காரர் ஹொர்வாய் கதவைப் பாதி திறந்து, கண்கூசி நெற்றியில் கைவைத்துக்கொண்டு, "எங்க வீட்டுல வெயிலே கிடையாதுங்க தோழர். இருந்தா தரமாட்டனா?" என்றார். முதுகுக்குப் பின்னால் அறை முழுக்க மஞ்சளாக எரிந்தது. கட்டிடத்தில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தங்களிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அவள் எழுதிவிடுவாளோ என்று பயம். தன் பேனாவே தன் மகளுக்குக் கதவை அடைத்ததைப் பொர்பாலா அப்போதுதான் புரிந்துகொண்டாள். அந்தக் குளிர்காலத்தில் எடெல்காவின் கால் மறுபடி வளையத் தொடங்கியது. இருமலில் ஒருநாள் ரத்தம் வந்தது.

வசந்தம் வந்ததும் அனுமதி வாங்கி, மகளைத் தூக்கிக்கொண்டு திசா ஆற்றைத் தாண்டினாள். கிராமத்தில் வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மழை மூட்டமாக இருந்த அந்தச் சமவெளியில் ஓர் ஆட்டுக்கொட்டகையின் பலகை இடுக்குகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. உள்ளே மண்தரையில் லாடத் தெரு வெயில் விரித்திருந்தது. சன்னல் சட்டங்களின் நிழல்கூட அப்படியே இருந்தது. அதன் மேல் கோழிகள் படுத்திருந்தன. விதவை இளைத்திருந்தாள், கையெல்லாம் பீட்ரூட் வயலில் வெடித்திருந்தது.

"பாதி குடுங்கம்மா. புள்ளைக்காக" என்றாள் பொர்பாலா. தோழர் என்று கூப்பிட வரவில்லை.

"கிழிச்சுப் பாத்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டான்னு ஒரு மூலைய கிழிச்சேன், கையிலயே சாயங்காலமாயிருச்சு. ஒரு கை அள்ளலாம். வெட்டிப் பங்கு போட முடியாது."

"அப்ப நான் என்ன செய்ய?"

"என்னைக் கேக்குறியா?" விதவை சத்தமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. குழந்தை அதற்குள் கோழிகளை விலக்கிவிட்டு, வெயிலில் தன் பழைய இடத்தைத் தேடி உட்கார்ந்திருந்தது. "அவ இருக்கட்டும். நீ போ."

பொர்பாலா போனாள். வேறு என்ன செய்வாள்? உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்.

1953-ல் அனுப்பப்பட்டவர்களை விடுவித்தார்கள், ஆனால் தலைநகருக்குத் திரும்பக் கூடாது என்றார்கள். விதவை அங்கேயே ஒரு மண்வீட்டை வாங்கி வெயிலை அதற்கு மாற்றிக்கொண்டாள். எடெல்கா கால் நிமிர்ந்து, கறுத்து, கிராமத்துப் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கினாள். கடிதங்களில் விதவையை மால்வின் அத்தை என்றும், அந்த மண்வீட்டை நம்ம வீடு என்றும் எழுதினாள். பொர்பாலா வீட்டைக் காலிசெய்துவிட்டு அங்கே போயிருக்கலாம். பலமுறை பெட்டியைக் கட்டினாள். ஆனால் வீட்டையும் விட்டுவிட்டால் செய்ததற்கு என்ன மிச்சம் என்று யோசித்து, பலமுறை அவிழ்த்தாள். 1956 கிளர்ச்சியின்போது பீரங்கிக் குண்டு முகப்பில் தலையளவு ஓட்டை போட்டது. ஒரு ராட்சதனுக்கு மூக்கு போனது. அந்த ஓட்டை வழியாகக் குளிர் வந்தது, புகை வந்தது, வெயில் வரவில்லை. பிறகு பூசி அடைத்தார்கள். மின்கணக்கு எடுப்பவர் அந்த வீட்டுக்கென்று தனியாக விளக்கு கொண்டுவரப் பழகினார். தபால்காரர் வாசலில் நின்று குரல் கொடுப்பார். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

1971-ல் எடெல்கா வந்தாள். அம்மாவைவிட ஒரு சாண் உயரம். கையில் துணி சுற்றிய ஜாம் ஜாடி.

"அத்தை போன மாசம் போயிட்டாங்க. உனக்குன்னு ஒரு ஜாடி அள்ளி வெச்சாங்க. மிச்சம் அவங்களோடயே அணைஞ்சு போச்சும்மா. இந்தத் தடவை மறக்காம பட்டியல்ல எழுதிக்கச் சொன்னாங்க."

"குத்திக்காட்டினாளா?"

"இல்லம்மா. நெசமாத்தான் சொன்னாங்க. மறுபடி நீ ஏமாந்துரக் கூடாதுன்னு."

பொர்பாலாவுக்கு அது குத்திக்காட்டுவதைவிட அதிகமாக வலித்தது. "ராத்திரி தங்கேன். நீ போனப்புறம் உனக்குன்னு வாங்கின கட்டில் அப்படியே இருக்கு" என்றாள். எடெல்காவுக்கு மூன்று மணி ரயில். வீட்டில் இரண்டு குழந்தைகள். அவள் போன பிறகு பொர்பாலா மூடியை ஒரு விரல் அளவு திருகினாள். இருபது வருடத்துக்குப் பிறகு அந்த அறையை முதல்முறையாகப் பார்த்தாள். சுவரில் படங்கள் இருந்த இடத்தில் வெளிறிய சதுரங்கள். ஒரு தடவைகூட யாரும் படுக்காத சின்னக் கட்டில், அதன் மேல் தூசி. கண்ணாடி அலமாரியில் ஒரு கிழவி. மூடியை இறுக்கித் திருகி, ஜாடியைச் சரக்கறையின் மேல் தட்டில் வைத்தாள். பிறகு அதைத் தொடவில்லை.

அவள் 1983-ல் இறந்தபோது நகரசபையிலிருந்து ஓர் இளம் எழுத்தர் வந்து பட்டியல் போட்டார். ஓடு பதித்த அடுப்பு, ஒன்று. சிறுமியின் கட்டில், ஒன்று, பயன்படுத்தாதது. வெயில், ஒரு ஜாடி, மேலே ஒரு விரல் குறைவு. அவருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை, சரக்கறைகளில் அதைவிட மோசமானதையெல்லாம் பார்த்திருந்தார். எடெல்கா கையெழுத்துப் போட்டு ஜாடியை வாங்கிக்கொண்டாள். கீழே வந்து, தான் பிறந்த வாசலறையின் சன்னலில் அதை வைத்துத் திறந்துவிட்டு, ரயிலுக்குப் போனாள்.

மூன்றாம் மாடி வீட்டில் இப்போது ஒரு புகைப்படக்காரர் இருக்கிறார். படம் கழுவ இருட்டறை தேடியவர். வீடு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கட்டிடத்துக்குக் காவல்காரி கிடையாது, வாசலில் அழைப்பு மணிப் பொத்தான் வைத்துவிட்டார்கள். வாசலறையில் தினமும் விடிந்ததிலிருந்து மாலை நான்கு மணி வரை நல்ல வெயில் அடிக்கிறது. அங்கே குப்பைத்தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். கோடையில் நாற்றம் தாங்காததால் சன்னலுக்குத் திரை போடலாமா என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேசிவருகிறார்கள்.