மகதலேனாவின் மெல்லிய கண்ணாடி

என் மனைவி மகதலேனாவுக்குக் கண் பவர் மைனஸ் பதினான்கு. கண்ணாடியின் ஓரம் தடித்து, கண்கள் கடுகளவு தெரியும். கிள்ளானில் நடக்கப்போகும் மகள் கல்யாணப் போட்டோவுக்காவது மெல்லிய லென்ஸ் வேண்டும் என்றாள். "இந்த முகத்தைப் பார்த்துத்தானே நான் ஏமாந்தேன்" என்று என் பங்குக்கு ஓர் அசட்டு ஜோக் அடித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் கண்ணாடிக் கடையில் ஆர்டர் கொடுத்தேன். ஜப்பானிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

கண்ணாடி தயார் என்று போன் வந்த காலையில், அவள் எங்கள் ஹாலில் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தாள். முந்தின நாள் மாரடைப்பு. நாலு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் கண்ணாடியை அவளுக்குப் போட்டுவிட வேண்டும் என்று கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் கண்ணப்பன் லென்ஸைத் தூக்கிக் காட்டினார். "பாதி தடிமன்தான் அங்கிள். ஆன்டி எங்கே? காதுல வச்சு பிட்டிங் பாக்காம குடுக்க மாட்டேன் லா."

"அவளால வர முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ் தலை. எனக்கு வச்சே பாருங்க."

"ஆன்டி தலையில மூளை இருக்கே அங்கிள்."

விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கேயே உடைந்துவிடுவேன் என்று பயம். அவர் கண்ணாடியை எனக்கு மாட்டி, காதோரக் கம்பியை வளைத்தார். கடையே சுருங்கி மங்கியது. கன்னத்தில் ஈரம் இறங்கியது.

"கழட்டிடுங்க அங்கிள். இந்தப் பவர் உங்க கண்ணுக்கு ஒத்துக்கல, தண்ணி கொட்டுது பாருங்க."

"ஆமா," என்றேன். "பரவாயில்ல, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்க."