இடது திரையில் வராத கார்கள்

கணினியின் கிராஃபிக்ஸ் கார்டில்தான் கோளாறு என்று ஒக்தாவ் முடிவுகட்டிய நாளில் நான் அடுப்படியில் மமலிகா என்ற மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

"சபீனா, இங்க வா. வந்து இதைப் பாரு."

கரண்டியை வைத்துவிட்டுப் போனேன். மேசைமேல் மூன்று கணினித் திரைகள், வளைவாக. நடுத்திரையில் சாலை, இரு பக்கத் திரைகளிலும் மரங்கள், வேலி, தூரத்தில் மலை. காரின் முன்கண்ணாடி வழியே பார்ப்பதுபோல்தான் இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"நான் திரும்பிப் பாக்கறப்ப நல்லாத்தான் இருக்கும். ஓட்டறப்பதான் வேலையைக் காட்டும். இடது பக்கம் ஒருத்தனும் இருக்க மாட்டான். திடீர்னு ஒரு கார் வானத்துலேந்து குதிச்ச மாதிரி முன்னாடி வந்து நிக்கும். அந்தத் திரைக்குப் படம் தாமதமா வருது."

ஒக்தாவ் என் கணவன். இப்போது உயிரோடு இல்லை. கலாட்ஸ் நகரத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் வேலை. நான் உள்ளூர்ச் செய்தித்தாளில் பிழை திருத்துகிறேன். லிஃப்ட்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: மெக்கானிக் வந்து நின்றால் லிஃப்ட் ஒழுங்காக ஓடும், அவன் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியதும் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிடும். அதனால் பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும் கோளாறு ஒன்றும் அவனுக்குப் புதிதில்லை. அப்படிப்பட்ட கோளாறைத்தான் அவன் அதிகம் நம்பினான்.

ஞாயிறு மதியங்களில் அவனும் அவன் கூட்டாளிகளும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனோடு, ஒரே பாதையில் கார்ப் பந்தயம் ஓட்டுவார்கள். ஒற்றைத் திரையில் ஓட்டுவது குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி என்பான். அதனால் மூன்று திரை. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் படம் வரைய அவனுடைய பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூச்சு முட்டியது. அதனால் தெக்குச் ஊரில் தோரினெல் என்ற இளைஞனிடம் பெரிய கார்டு ஒன்றை வாங்கினான். தோரினெல் பழைய கார்டுகளை வாங்கித் தூசி தட்டி, மின்விசிறி மாற்றி, சோதித்து விற்பவன். நல்ல பேர் இருந்தது அவனுக்கு.

அந்தக் கார்டு வந்த சில வாரங்களில்தான் இடது பக்கத்துக் கார்கள் குதிக்க ஆரம்பித்தன. ஒக்தாவ் கேபிளை மாற்றினான். மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டான். ஒவ்வொரு பந்தயத்திலும் இடப்பக்கம் யாரையாவது இடித்தான், காதுக்குள் வசவு வாங்கினான். கடைசியில், விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் படிக்கும் இணையப் பக்கத்தில் இப்படி எழுதினான்: தோரினெல் விற்றது கிரிப்டோ காசுக்காக வருஷக்கணக்கில் இரவு பகலாக ஓட்டித் தேய்ந்த கார்டு. துடைத்துப் புதிதுபோலக் காட்டித் தலையில் கட்டிவிட்டான். கண்ணிருப்பவனுக்குப் பார்த்தாலே தெரியும் என்று முடித்திருந்தான். அந்த உலகத்தில் இதைவிட மோசமான பழி கிடையாது. கீழே ஏகப்பட்ட பேர் வந்து திட்டினார்கள். தோரினெல் ஒரே ஒரு பதில் போட்டான்: "கார்டை எடுத்துட்டு வாங்க அண்ணே. உங்க கண் முன்னாடியே ஓட்டிக் காட்றேன்." ஒக்தாவ் போகவில்லை.

கார்டில் கோளாறா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோரியா வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், ஒக்தாவின் பந்தயக் கூட்டாளி. தன் கணினியிலிருந்து கழற்றிய கார்டை ஒரு பூந்துவாலையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினான்.

"எங்க பிள்ளை பொறந்தப்பகூட நான் இவ்வளவு பாத்துத் தூக்கல" என்றான் என்னிடம். "லிஃப்ட் ஏன் ஓடல?"

"மெக்கானிக் வீட்டு லிஃப்ட்" என்றேன்.

கார்டை மாற்றிப் பொருத்தினார்கள். ஒக்தாவ் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நானும் ஹோரியாவும் பின்னால் நின்றோம். மூன்றாவது வளைவுக்கு முன் இடது திரையில் ஒரு சிவப்புக் கார் தென்பட்டது. நேர்ச்சாலை முழுக்க அது ஒக்தாவின் பக்கத்திலேயே ஓடி வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒக்தாவ் ஸ்டியரிங்கை நிதானமாக இடது பக்கம் திருப்பி அதன்மேல் ஏறினான்.

"பாத்தியா? உன் கார்டும் அதே கதைதான். எங்கேந்து வந்தான் அவன்?"

ஹோரியா திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, இடது திரையின் அடியில் இருந்த பொத்தானை அழுத்தினான். திரை கறுத்தது.

ஒக்தாவ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு சுற்று முடிந்தது. இன்னொன்று.

"இப்பப் பரவாயில்ல" என்றான். "இப்பப் படம் இழுக்கல. என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல" என்றான் ஹோரியா.

தவறுதலாகக் கதவைத் திறந்து, உடுத்தாமல் நிற்பவரைப் பார்த்துவிட்டவர்கள்போல் நாங்கள் இருவரும் நின்றோம். கதவைத் திரும்பச் சாத்தவும் வழியில்லை. நான் குனிந்து அவன் தோளில் கை வைத்தேன்.

"ஒக்தாவ். தலையைத் திருப்பு. இந்தப் பக்கம்."

திருப்பினான். கறுப்புத் திரையைப் பார்த்தான். முதலில் சிரித்தான்.

"எப்படா அணைச்சே?"

ஹோரியா துவாலையை மடித்துக்கொண்டிருந்தான்.

"எப்பன்னு கேட்டேன்."

"ரெண்டு சுத்து ஆச்சு ஒக்தாவ்."

ஒக்தாவ் கையுறைகளைக் கழற்றினான். எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தான். ஹோரியா கார்டைக் கழற்றி, சுற்றி, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போகும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். தலைக்குள், வலது பக்கம், பின்னால் ஒரு கட்டி. இடது பக்கம் இருப்பதைப் பார்க்கும் இடத்தை அது பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்கவில்லை என்பதே அவனுக்குத் தெரியாதபடி பிடித்துக்கொண்டிருந்தது. தட்டில் இடது பாதிச் சாப்பாட்டை அவன் ஏன் வைத்துவிட்டு எழுந்தான், எங்கள் காரின் இடப்பக்கக் கண்ணாடி ஏன் இரண்டு முறை உடைந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு முறையும் அவர்தான் இடித்தார் என்று அவன் மூன்றாம் மாடிக்காரரோடு சண்டை போட்டிருந்தான்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு அவன் பயந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தோரினெலைப் பற்றி எழுதியதுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

"அழிச்சுடறேன். அதோட முடிஞ்சுது."

"அழிச்சா, படிச்சவன் மறந்துடுவானா? அந்தப் பையன்கிட்ட இப்ப யாரும் கார்டு வாங்கறதில்லன்னு ஹோரியா சொல்றான்."

"வேற என்ன செய்யச் சொல்றே? கண்ணிருக்கறவனுக்குத் தெரியும்னு எழுதினேன் சபீனா. கண்ணிருக்கறவனுக்கு." அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "நான் குருடன், அதனால பொய் சொல்லிட்டேன்னு எழுதணுமா? இந்த ஊரு முழுக்க அதைப் படிக்கணுமா?"

"எழுத வேண்டாம். நேர்ல போய்ச் சொல்லு."

சனிக்கிழமை தெக்குச் போனோம். நான் வண்டி ஓட்டினேன். கார்டு அவன் மடியில் இருந்தது.

தோரினெல் எங்களைச் சண்டைக்கு வந்தவர்கள் என்றே நினைத்திருந்தான். யாரிடமோ இரவல் வாங்கி மூன்று திரைகளை மேசைமேல் அடுக்கி வைத்திருந்தான். மெலிந்த பையன், கழுத்து மட்டும் விறைப்பாக இருந்தது.

"பேச வேண்டாம் அண்ணே. பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம். மொதல்ல பாருங்க."

கார்டை வாங்கிப் பொருத்தி, மூன்று திரைகளிலும் கனமான காட்சி ஒன்றை ஓடவிட்டான். மின்விசிறிகள் இரைந்தன. ஒக்தாவ் ஒவ்வொரு திரையாகத் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தான். தோரினெலின் அம்மா காபி கொண்டுவந்து அவனுக்கு இடப்பக்கம் வைத்துவிட்டு, கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காபி ஆறியது.

"ஏன்யா" என்றார் அந்த அம்மா, "எங்க வீட்டுக் காபிகூட உனக்கு எறங்காதோ? அதுலயும் கலப்படம் இருக்கும்னு பாக்கறியா?"

ஒக்தாவுக்கு எந்தக் காபி என்று புரியவில்லை. மேசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் கோப்பையை வலப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தினேன். அது அவனுக்குத் தென்பட்ட கணத்தை நான் பார்த்தேன். கழுத்திலிருந்து காதுவரை சிவந்தான். எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

"நல்லா இருக்கும்மா."

"ஆறிப்போன காபி எப்படி நல்லா இருக்கும்?" என்றார் அவர்.

"அம்மா, சும்மா இரு" என்றான் தோரினெல். "இப்ப சொல்லுங்க அண்ணே. எங்கயாவது இழுத்துதா?"

"இல்ல."

"அப்படின்னா அந்த இல்லையை இங்க சொல்லிட்டுப் போயிடக் கூடாது. எழுதினாலும் பத்தாது, நான் காசு குடுத்து எழுத வெச்சேன்னு சொல்வானுங்க. நாளைக்கிப் பந்தயத்துல இந்தக் கார்டைப் போட்டு ஓட்டுங்க. மூணு திரையும் எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒளிபரப்புங்க. கார்டு இழுக்குதா, நீங்க இழுக்கறீங்களான்னு ஊரு பாக்கட்டும்."

ஒக்தாவின் கை மேசைக்கடியில் என் முழங்காலைத் தேடிப் பிடித்தது. நான் பேசிவிடுவேன் என்று அவன் பயந்தான். நான் பேசவில்லை.

"ஓட்டினா இடிப்பேன் தம்பி" என்றான் ஒக்தாவ். "எனக்கு இடது பக்கம் தெரியாது. அம்மா வெச்ச காபியும் அதனாலதான் தெரியல. தலைக்குள்ள கட்டி. கார்டுல ஒண்ணும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

தோரினெல் எட்டிக் கணினியை நிறுத்தினான். விசிறிகள் ஓய்ந்தன. அவன் அம்மா கோப்பையை எடுக்க வந்தவர், எடுக்காமல் நின்றார்.

"அண்ணே, நான் கேட்டதை மறந்துடுங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். உடம்பைப் பாருங்க."

அந்த இரக்கத்தை ஒக்தாவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்.

"நாளைக்கி ஓட்டறேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "கார்டைக் கழட்டிக் குடு."

ஞாயிறு மதியம் ஹோரியா வந்து மூன்று திரைகளும் ஒளிபரப்பாகும்படி ஏற்பாடு செய்தான். எல்லோர் பேச்சும் அறையில் கேட்கும்படி ஒலிபெருக்கியில் விட்டான். பந்தயத்துக்கு முன் ஒக்தாவ் தொண்டையைச் செருமினான்.

"ஒரு விஷயம் சொல்லணும். தோரினெல் கார்டு நல்ல கார்டு. கோளாறு என் தலையிலதான்."

"அதைத்தானேப்பா நாங்க இத்தனை வருஷமா சொல்றோம்" என்றான் செவெர் என்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவன் கைதட்டினான்.

ஒக்தாவ் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். ஒருமுறை சொல்வதற்கே அவன் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். இப்போது இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

"இல்ல செவெர். நெஜமாவே தலைக்குள்ள. கட்டி. எனக்கு இடது பக்கம் தெரியல. வியாழக்கிழமை ஆபரேஷன். உங்களையெல்லாம் இடிச்சது நான்தான், கார்டு இல்ல. அந்தப் பையனைத் திருடன்னு எழுதினேன். அவன் திருடன் இல்ல. கண்ணிருக்கறவனுக்குத் தெரியும்னு எழுதினேனே, அதை நினைச்சா..." நிறுத்தினான். "அவ்வளவுதான். கிளம்பலாம்."

ஒலிபெருக்கியில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

நான் அவனுக்கு இடப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ஒருத்தன் வர்றான்... பக்கத்துல இருக்கான்... போயிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது எல்லோருக்கும் கேட்டது. பின்னால் வந்தவர்கள் சீக்கிரத்திலேயே அவனைத் தொடாமல், ஆம்புலன்ஸுக்கு வழி விடுவதுபோல் ஒதுங்கிப் போனார்கள்.

"ஏண்டா ஒதுங்கறீங்க?" என்றான் ஒக்தாவ். "எப்பவும்போல ஓட்டுங்க."

அவர்கள் ஒதுங்கியபடியேதான் ஓட்டினார்கள். அவன் கடைசியாக வந்தான். படம் ஓரிடத்தில்கூட இழுக்கவில்லை. பார்த்தவர்கள் அதைக் கீழே எழுதினார்கள், நான் படித்துக் காட்டினேன். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்று முழுக்க யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, என்னையும்.

அறுவைக்குப் பின் ஒரு வருஷம்கூட அவன் இருக்கவில்லை. ஆனால் அந்த வாரத்தில் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை மருத்துவமனை வராந்தாவில் இருந்தபோது தோரினெல் கூப்பிட்டான். புசேயு ஊரிலிருந்து ஒருவர் வந்து கார்டு வாங்கிப் போனாராம். அந்தப் பதிவுக்குப் பிறகு வந்த முதல் ஆள். "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க அக்கா" என்றான். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். ஒக்தாவ் தலை முழுக்கக் கட்டோடு கண்ணை மூடிப் படுத்திருந்தான். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எந்தக் கார்டாம்?" என்றான் கண்ணைத் திறக்காமல்.

"கேக்கல."

"மூணு திரைக்குத் தாங்கற கார்டான்னு கேளு."

நான் வராந்தாவுக்குத் திரும்பிப் போய்த் தோரினெலை அழைத்தேன்.