அனுப்பியவர் பார்க்கும் படம்

எங்கள் செயலியை வைத்திருக்கிறவர்களில் ஒருவர்கூட அந்த நீளமான ஒப்பந்தத்தைப் படித்ததில்லை. ‘சம்மதம்’ என்ற பச்சைப் பொத்தானைப் படக்கென்று தட்டிவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து சண்டை போடுவார்கள். என் பெயர் விந்தார்த்தி. இந்தோனேசியாவில், செமாராங் நகரத்தில் வீடு வீடாகச் சாப்பாடும் சாமானும் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியில் வேலை. யாருடைய விவரம் எங்களிடம் என்ன இருக்கிறது, அதை யார் பார்க்கலாம், எதை எப்போது அழிக்க வேண்டும், இதெல்லாம் என் மேசையில்தான் தீர்மானமாகும். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்த பிறகு போட்ட மேசை. வாரத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம், வருகிற நாலு பேரும் கோபமாகத்தான் வருவார்கள்.

இபு பாய்னா கோபமாக வரவில்லை. பெரியவர்களைப் பெண்ணென்றால் ‘இபு’, ஆணென்றால் ‘பாக்’ என்று சேர்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். தெருவில் கடல் தண்ணீர் ஏறியிருந்த நாள் அது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாவாடை ஓரம் நனைந்திருக்க, என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“இந்தாம்மா, அந்தப் பெட்டியில பாத்துச் சொல்லு. வெள்ளிக்கிழமை தவறாம எனக்குச் சோறு அனுப்புறது யாரு?”

பார்த்தேன். அனுப்புநர் பெயர் ‘ஹம்பா அல்லா’ என்றிருந்தது. இறைவனின் அடியான். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை சோற்றுப் பொட்டலம் தர்மம் செய்கிறவர்கள் பாதிப் பேர் இந்தப் பெயரில்தான் செய்வார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அப்படித்தான் அறிவிப்பார்கள். யார் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், கேட்பது மரியாதை இல்லை.

“இபு, பேர் தெரிய வேணாம்னுதானே இப்படிப் போட்டிருக்காங்க? நான் சொன்னா என் வேலை போயிரும்.”

“உன் வேலைய யாரு கேட்டா? பேரைத்தானே கேட்டேன்.”

“அதேதான் இபு, சொல்லக் கூடாது.”

“என் மகன் வஹோனோதான் அனுப்புறான். எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க?”

“நீயும் சொன்னா நல்லாருக்கும்ல,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. தோளில் கிடந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு பொட்டலம் வரும். சோறும் புகைபோட்ட மீன் குழம்பும். ஒன்றில் காரம் கண்ணைப் பிடுங்கும், மற்றதில் மிளகாயே இருக்காது. அவர் கணவர் கசிரானுக்குக் காரம் ஆகாது, வயிற்றுப் புண்.

“ஊர்ல போற அடியானுக்கு இவரு வயிறு எப்படித் தெரியும், சொல்லு?”

மகன் வீட்டை விட்டுப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. கையில் குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றானாம். நான் உயிரோடு இருக்கிறவரை இந்த வாசற்படியை மிதிக்காதே என்று கசிரான் கத்தினாராம். அவனும் ரோஷக்காரன். அதற்கப்புறம் போன் எண்ணும் மாறிவிட்டது. தெருவில் பழைய ஆட்களும் தண்ணீருக்குப் பயந்து ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

“போன மழைக்கு மனுசன் போய்ச் சேந்துட்டாரு. இவனுக்கு அது தெரியாதும்மா. தெரியாமத்தான் காரமில்லாத பொட்டலத்தையும் சேத்து அனுப்புறான். தெரிஞ்சா அடுத்த வண்டியிலயே ஓடி வந்துருவான். அவருக்குப் பயந்துதானே வரலை?”

திரையில் அனுப்புநரின் உண்மைப் பெயர் புள்ளிகளாக மறைந்திருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். திறந்தது யார் என்று என் பெயரும் பதிவாகும். சத்தியமாகச் சொல்கிறேன், விரல் நமநமத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. ‘பெறுபவர் உங்களை அறிய விரும்புகிறார். சம்மதமா?’ என்று அனுப்புநரிடம் கேட்கலாம். அவர் ஆம் என்றோ வேண்டாம் என்றோ தட்டுவார்.

“அதுலயே அப்பா இறந்துட்டாருன்னு ஒரு வரி சேத்துரு.”

“சேக்க முடியாது இபு. அந்த வாசகத்துல கை வைக்க எனக்கு வழியில்ல.”

“ஒரே வரிம்மா!”

எங்கள் மேலாளர் பாக் ஹெண்டார்த்தோவிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நாம என்ன தபால் ஆபீசா நடத்துறோம், விந்தார்? இன்னிக்கு ஒரு அம்மாவுக்கு ஒரு வரி சேப்பே. நாளைக்குக் கடன்காரன் வந்து நிப்பான், பொண்டாட்டிய அடிச்சுத் துரத்தினவன் வந்து நிப்பான். அவனுக்கும் ஒரு வரி சேப்பியா?” என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

கேள்வி மட்டும் போயிற்று. சில நாளில் பதிலும் வந்தது, வேண்டாம் என்று.

இதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். இபு பாய்னா வந்தார், கேட்டுக்கொண்டார். பிறகு, “அவனே தட்டினானா?” என்றார்.

“அனுப்புறவரேதான் தட்டினாரு, இபு.”

“அப்ப நல்லாத்தான் இருக்கான்,” என்று சொல்லிவிட்டு எழப் போனார்.

வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. “இபு, உக்காருங்க. அவரைப் பத்திச் சொல்லத்தான் முடியாது. உங்களப் பத்தி எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் உங்களோடது, கேட்டா காட்டியே ஆகணும்,” என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

பெயர், தெரு, எந்தச் சந்துக்குள் திரும்ப வேண்டும் என்ற குறிப்பு. அதற்குக் கீழே படங்கள். பொட்டலத்தைக் கொடுத்ததும், சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சியாக எங்கள் ஆட்கள் ஒரு படம் எடுப்பார்கள். வெள்ளிக்கு ஒரு இபு பாய்னா. தலை விரிந்து கிடக்கும் இபு பாய்னா, வீட்டில் போடும் சாயம் போன பூப்போட்ட அங்கியில் இபு பாய்னா, வாயில் எதையோ மென்றுகொண்டிருக்கும் இபு பாய்னா.

“ஐயையே! இது எதுக்கு எடுக்குறானுங்க?”

“சேந்திருச்சுன்னு அனுப்பினவங்களுக்குக் காட்டத்தான்.”

அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார். “அவன் பாப்பானா?”

“படம் அனுப்புறவர் போனுக்குத்தான் போகுது, இபு.”

“ஒவ்வொரு வெள்ளியுமா?”

தலையாட்டினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார் என்னை. “ஏண்டி, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? பிச்சைக்காரி மாதிரி நின்னிருக்கேன் பாரு! தலையாவது சீவியிருப்பேனே! ஐயோ, இந்தக் கோலத்துலயா என்னைப் பாத்துக்கிட்டு இருக்கான்?” திட்டிக்கொண்டே திரையில் தன் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. ஒப்பந்தத்தில் இதெல்லாம் எழுதியிருக்கிறது என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? நானும் சேர்ந்து அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒரு படம் தடுக்கப்பட்டு என் மேசைக்கு வந்தது. படத்தில் வேறு யாருடைய விவரமாவது இருந்தால் இயந்திரம் தானாகவே நிறுத்திவிடும். அதை விடுவதா அழிப்பதா என்று நான் முடிவு செய்ய வேண்டும்.

இபு பாய்னாதான். தலை வாரி இறுக்கக் கொண்டை போட்டு, விசேஷத்துக்குப் போடும் பச்சைக் கெபாயாச் சட்டை அணிந்திருந்தார். பொட்டலங்கள் பக்கத்தில், முக்காலி மேல். இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே யாசீன் புத்தகம் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தார். எங்கள் வீடுகளில் இறந்தவருக்காக நாற்பதாம் நாளில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிவிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்போமே, அந்தப் புத்தகம். அட்டையில் கசிரானின் படம், பெயர், பிறந்த நாள், இறந்த நாள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

கொண்டுபோன பையன் குறிப்பும் எழுதியிருந்தான்: ‘பொட்டலம் மட்டும் தெரியணும்னு சொன்னேன். எடுக்கலைன்னா வாசலை விட்டு நகர மாட்டேன்னு அந்தம்மா நிக்குது.’

பாக் ஹெண்டார்த்தோவை அழைத்தேன். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

“பேரு, தேதி, முகம். இன்னொருத்தரோட விவரம். விதிப்படி அழிக்கணும்,” என்றார்.

“யாரோட விவரம், பாக்?”

“இவரோடதுதான்.”

“இவரு புகார் குடுக்க வருவாரா?”

“விந்தார்!”

“தெரு பூரா குடுத்த புத்தகம் பாக் இது. என் மாமனார் புத்தகம் எங்க வீட்டு டிவி மேல கிடக்கு. இதுல ரகசியம் எங்கேருந்து வந்துச்சு? அழிக்கணும்னா நீங்களே உக்காந்து அழிங்க. என் கை வராது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். “புத்தகம் ஏற்கெனவே வெளியான ஒண்ணுன்னு காரணம் எழுது. ஒழுங்கா எழுது,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். எழுதினேன், படத்தை விட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. இன்று வந்திருப்பானோ, இந்நேரம் வாசலில் நிற்பானோ என்றே மனம் அடித்துக்கொண்டது.

மறு வாரம் இபு பாய்னா வந்தார்.

“ஒரே ஒரு பொட்டலம்தான் வந்துச்சும்மா. காரமானது.”

நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்துட்டாரு இபு! அவருதான்! உங்க மகன்தான்!” என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. “பாத்துட்டான். அப்பா இல்லைன்னு தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சும் சோறுதானே வந்துச்சு?”

“வருவாரு இபு, லீவு கிடைக்க வேணாமா...”

“நீ சும்மா இரு.” குரல் இறங்கிவிட்டது. “இத்தனை வருஷமா அந்த மனுசனைத்தான் கரிச்சுக் கொட்டினேன். உன்னாலதான் என் புள்ள வரலைன்னு, படுக்கையில கிடந்தப்பக்கூட விடலை. அவரும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டே போய்ட்டாரு.” புறங்கையால் மூக்கைத் துடைத்தார். “அன்னிக்கு இவரு கத்துறப்ப நான் அடுப்புக்கிட்டதான் நின்னேன். வஹோனோ வாசல்லேருந்து அவரைப் பாக்கலைம்மா. என்னைத்தான் பாத்தான். நான் ஏதாவது சொல்லுவேன்னு பாத்தான். நான் குனிஞ்சு அடுப்பை ஊதிக்கிட்டிருந்தேன்.”

சட்டத்தில் பக்கம் பக்கமாக என்னென்னவோ இருக்கிறது. இதற்கு ஒரு வரி கிடையாது.

“அந்தப் படம் அவன் போன்ல எத்தனை நாள் இருக்கும்?”

“மூணு மாசம் இபு. அப்புறம் தானா அழிஞ்சிரும்.”

“அழியட்டும். வெள்ளிக்கு வெள்ளி புதுசு எடுப்பாங்கல்ல?” செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். “இந்தத் தடவை கையில ஒண்ணும் வச்சுக்கப் போறதில்ல. அவன் கண்ணை நேராப் பாத்து நிக்கப் போறேன். அவ்வளவுதான்.”

போய்விட்டார். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை முழுக்க என் மேசையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. அவருடைய படம் என்னிடம் வரவில்லை. தடுக்க அதில் ஒன்றும் இருந்திருக்காது, நேரே போக வேண்டியவருக்குப் போயிருக்கும்.