கறுப்பு வெள்ளைத் தொங்கல்

வெள்ளை அட்டை திரும்பிக் கறுப்பாகிறது, கறுப்பு மெல்ல விலக அதன் பின்னாலிருந்து கண்ணாடிக் குண்டு ஒன்று வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வருகிறது, மறுபடி வெள்ளை, மறுபடி கறுப்பு, மேகலா கண்ணை இறுக மூடினாலும் அது நிற்பதாக இல்லை, ஆனால் குழந்தையின் மெத்தைக்கு மேலே கட்டிய அந்தத் தொங்கல் இங்கே ஏது, இது கோயம்புத்தூரில் காது ஆஸ்பத்திரியின் உள்ளறை, வெளிச்சத்தம் நுழையாதபடி சுவரெல்லாம் மெத்தை பொதித்த அறை, மடியில் ஆதிரை மருந்துத் தூக்கத்தில் கிடக்கிறாள், நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் ஒட்டிய ஒயர்கள் ஒரு பெட்டிக்குப் போகின்றன, பெட்டிக்கு முன்னால் இருக்கும் பெண், காதுக்குள்ள சத்தம் குடுக்கப் போறேங்க, நீங்க அசையாம பேசாம இருக்கோணும் என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள், பேசாதே என்று மேகலாவுக்கு இன்னொருவர் சொல்ல வேண்டுமா, குழந்தை பிறந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவள் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், சத்தம் போடாதீங்க, பாப்பா பார்த்துக்கிட்டு இருக்கறா.

பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையைக் கலைக்காதே என்பது அவள் மாண்டிசோரி பயிற்சியில் முதலில் எழுதிக்கொண்ட பாடம், கல்யாணத்துக்கு முன்னால் இதே ஊரில் படித்தது, பிறகு சோமனூரில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் விசைத்தறி அடிக்க, இந்தப் பக்கம் தரையில் மெத்தை விரித்து, பக்கத்தில் தாழ்வாகக் கண்ணாடி சாய்த்து, ஒரு மர வளையம், கழிவு நூலைப் பொதித்துத் தைத்த துணிப்பந்து, இவ்வளவுதான் என் பிள்ளைக்கு என்று சொன்னபோது நாத்தனாருக்கு முகம் சுருங்கிப்போயிற்று, வாங்கி வந்த கிலுகிலுப்பை, கீ கொடுத்தால் பாடும் குருவி எல்லாம் பரணுக்குப் போயின, கொலுசில் இருந்த மணிகளைக்கூட மேகலா கழற்றிவிட்டாள், ஏம்மிணி, புள்ளைய வளக்கறியா தவத்துக்கு உட்கார வெக்கறியா என்று நாத்தனார் கேட்டதற்கு அவள் சிரித்தாள், இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது. தொங்கலை அவளே வெட்டினாள், கறுப்பும் வெள்ளையுமாக அட்டைகள், நடுவில் கண்ணாடிக் குண்டு, தண்டபாணி தறியிலிருந்து பாவு நூல் கொண்டுவந்து குச்சியில் கோத்து, மூச்சுக்காற்றுக்கே திரும்பும்படி எடை பார்த்துக் கட்டினான், புருசனும் பொண்டாட்டியும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அதற்கே செலவழித்தார்கள், கட்டி முடித்து மின்விசிறியைச் சின்னதாகச் சுழலவிட்டதும் அது நகர்ந்தது, ஆதிரையின் கண்களும் கூடவே நகர்ந்தன, ஏனுங்க, பாக்கறா பாருங்க என்று மேகலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவு சந்தோஷம்.

பெட்டி முன்னால் இருப்பவள் ஒரு பொத்தானைத் திருகுகிறாள், சத்தத்தைக் கூட்டுகிறாளா, முகத்தைப் பார்த்தால் தெரியுமா என்று மேகலா பார்க்கிறாள், ஒன்றும் தெரியவில்லை, அந்த முகம் தொழிலில் பழகிய முகம், எதையும் காட்டாது, ஆதிரையின் முகமும் அப்படித்தான், குக்கர் விசில் அடித்தாலும், கதவு அறைந்து சாத்தினாலும் தொங்கலைவிட்டுக் கண் எடுக்க மாட்டாள், அதை வீடியோ எடுத்துப் பயிற்சித் தோழிகளின் குழுவில் போட்டாளே, என்ன கவனம் பாருங்கள் என்று எழுதினாளே, எத்தனை இதயங்கள் வந்து விழுந்தன, ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை, எப்படித் தோன்றும், அவளுக்கே தோன்றவில்லை. தறி ஓடும்போது எப்படித்தான் தூங்குதோ என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் அந்தத் தெருவே ஒரே பதில்தான் சொல்லும், வயித்துக்குள்ள இருக்கையிலேயே கேட்டுப் பழகுனதுங்க, தறி ஓடுனா தூங்கும், தறி நின்னாத்தான் அழும், அது பொய்யும் இல்லை, கரண்ட் போய்த் தறிகள் நின்றதும் தெருவில் திடீரென்று விழும் அந்த அமைதிக்கு எதிர்வீட்டு ருக்குமணி அக்காவின் கைக்குழந்தை வீறிட்டு எழும், இந்தப் பக்கம் ஆதிரையும் வீறிடுவாள், உம்பட புள்ளையும் அசல் தறிக்காரப் புள்ளைதான் போ என்று ருக்குமணி அக்கா சிரிப்பாள், மேகலாவுக்கும் பெருமைதான்.

கரண்ட் போனால் மின்விசிறியும்தான் நிற்கும், விசிறி நின்றால் தொங்கலும்தான் நிற்கும், இது ஏன் அவள் மண்டையில் ஏறவில்லை.

ஆடிக் காற்று பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து சன்னல் கதவுகளை உலுக்கும் காற்று, மேகலா சமையலறையில் இருக்கிறாள், கரண்ட் போகிறது, தறிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன, ருக்குமணி அக்காவின் குழந்தை அழுகிறது, இதோ நம்மவளும் ஆரம்பிப்பாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள், ஆதிரை விழித்துத்தான் இருக்கிறாள், அழவில்லை, ஒரு சிணுங்கல்கூட இல்லை, சன்னல் வழியாக வந்த காற்றில் தொங்கல் திரும்பிக்கொண்டிருக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேகலாவுக்கு எதுவோ இடித்தது, என்னவென்று தெரியாமலே போய்ச் சன்னலைச் சாத்தினாள், அட்டைகள் தயங்கி நின்றன, ஆதிரை வீறிட்டாள், சன்னலைத் திறந்தாள், அட்டைகள் அசைந்தன, அழுகை நின்றது, மறுபடி சாத்தினாள், மறுபடி அழுகை, சன்னலைத் திறந்துவிட்டு, அழுகை அடங்கியதும் குழந்தையின் தலைமாட்டுக்குப் போய், அவள் கண்ணில் படாமல் நின்று, ஆதிரை என்றாள், ஆதிரைக்கண்ணு என்றாள், இத்தனை நாளாக ஒருநாளும் பின்னாலிருந்து கூப்பிட்டதே இல்லையே, எதிரே வந்து முகம் காட்டித்தானே பேசினோம், பரணில் ஏறிக் கிலுகிலுப்பையை எடுத்துக் காதருகே ஆட்டினாள், பித்தளைத் தட்டைத் தரையில் ஓங்கிப் போட்டாள், அது உருண்டு சுழன்று அடங்கும்வரை ஆதிரை அசையவில்லை, சத்தம் கேட்டு ஓடிவந்தவன் தண்டபாணிதான்.

என்னாச்சு, ஏன் தட்டப் போட்டு ஒடைக்கற என்றான், அவள் தட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள், நீங்க போடுங்க என்றாள், அவன் அவளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தான், புரிந்துபோயிற்று, ஆனாலும் போட மாட்டேன் என்கிறான், தூங்கற கொழந்தைகிட்டப் போய் என்கிறான், அவ தூங்கலைங்க, முழிச்சிருக்கறா, போடுங்க என்று மேகலா கத்தினாள், அவள் அப்படிக் கத்தி அவன் பார்த்ததில்லை, போட்டான். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது, தெருவின் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமி எழுந்தன, பெரியவர்களுக்கே தூக்கிவாரிப்போடும் சத்தம், குழந்தையின் இமைகூட ஆடவில்லை, அவன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

முடிஞ்சுதுங்க என்கிறாள் பெட்டிக்காரி, ஒயர்களைப் பிரிக்கிறாள், வெளியே நின்ற தண்டபாணியையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள், அந்த உட்கார வைப்பதிலேயே மேகலாவுக்குத் தெரிந்துவிட்டது, ரெண்டு காதுலயும் பெரிய சத்தத்துக்குக்கூடப் பதில் வரலீங்க, இன்னொருக்கா பரிசோதிச்சு உறுதி பண்ணோணும், அப்புறம் மிசின் போட்டுப் பாக்கலாம், அதுக்கும் மேல வேணும்னா ஆபரேசன் இருக்குது, நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க, முக்காவாசிப் பேரு பேச்சு வரலைன்னுதான் கூட்டிட்டு வருவாங்க, எப்படிங்க கண்டுபுடிச்சீங்க. மேகலா அன்றைய மத்தியானத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், காத்து அடிச்சுதுங்க என்றாள், அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை, மேகலாவும் விளக்கவில்லை.

பஸ்ஸில் சூலூர் தாண்டியபோது தண்டபாணி தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான், வீட்டுக்கு வந்து குழந்தையை மெத்தையில் போட்டாள், தெருவெல்லாம் தறி ஓடுகிறது, விசிறிக்காற்றில் தொங்கல் திரும்புகிறது, ஆதிரை அதற்குள் மூழ்கிவிட்டாள், மேகலாவுக்கு அந்த அட்டைகளைப் பிய்த்து எறிய வேண்டும்போல் ஆத்திரமாக வருகிறது, இதுதானே மறைத்தது, இல்லை, இதுதானே காட்டியது, யார்மேல் கோபப்படுவது. தண்டபாணி குனிந்து, சத்தமே இல்லாமல், வாயை மட்டும் பெரிதாக அசைத்து, பசிக்குதா என்று வயிற்றைத் தொட்டுக் கேட்டான், தறிக் கொட்டகைக்குள் நின்று நின்று வந்த பழக்கம், அந்த இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்காது, உதடும் கையும்தான் பேச்சு, சத்தம் விட்டுப் பேசுங்க, கொழந்தை காதுல சொல்லு விழோணும் என்று அவள் அவனை எத்தனை முறை கடிந்திருக்கிறாள், தான் தாலாட்டுப் பாடும்போது தொங்கலைப் பார்க்கும் குழந்தை அவன் வெறும் வாயை அசைத்தால் சிரிக்கிறாளே என்று உள்ளுக்குள் பொறாமைகூடப் பட்டிருக்கிறாள், இதோ இப்போதும் சிரிக்கிறாள், அவனுக்கும் அது இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

தறிக்குள்ள கண்ணுன்னு கூப்பிட எப்படிங்க காட்டுவீங்க என்று மேகலா கேட்டாள். அதுக்கேது சைகை அம்மிணி, நூல் அறுந்துச்சு, டீ வந்துச்சு, மொதலாளி வர்றாருன்னுதான் காட்டுவோம், அங்க எவனப் போயி நான் கண்ணுங்கறது என்றான் அவன், சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அப்படியானால் இவளுக்குப் பெயரே இல்லை, ஆசை ஆசையாகத் தேடி வைத்த பெயர் ஒருநாளும் இவளிடம் போய்ச் சேரவில்லை, மிசின் போட்டாலும் ஆபரேசன் செய்தாலும் அது என்றைக்கோ, அதுவரை என் பிள்ளையை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன், மேகலா மெத்தையில் ஏறிப் படுத்தாள், கலைக்கக் கூடாது என்று படித்தவள் குழந்தைக்கும் தொங்கலுக்கும் நடுவே தன் முகத்தைக் கொண்டுபோனாள், அட்டை ஒன்று அவள் தலைமுடியில் சிக்கி நின்றது, ஆதிரை முகத்தைக் கோணி அழத் தயாரானாள், மேகலா அவசரமாகக் கையைத் தூக்கி, அந்த அட்டை திரும்பும் அதே நிதானத்தில் திருப்பினாள், உள்ளங்கை புறங்கையாகிறது, புறங்கை மெல்ல விலக அதன் பின்னாலிருந்து அம்மாவின் முகம் வருகிறது, மறுபடி உள்ளங்கை, மறுபடி புறங்கை, குழந்தையின் கண்கள் கையோடு நகர்ந்தன, கையை விட்டு முகத்துக்கு வந்தன, முகத்தில் நின்றன, ஆதிரை, இதுதான் நீ என்று மேகலா உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்த தண்டபாணியும் நூல் பிடித்துக் காய்த்த தன் கையைத் தூக்கி, மேகலாவின் கையைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பழகினான்.