நடக்காதவருக்கு ஒரு சிப்பி

கல்தச்சரின் பட்டறைக்குள் நுழைந்தவள் கண்ணில் முதலில் பட்டது கல்லறைக் கல்லில் வெட்டியிருந்த கணவரின் பெயர் அல்ல; அதற்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஆழமாகக் குடைந்திருந்த ஒரு சிப்பி. மேலே வரிவரியாக விரிந்து அடியில் ஒடுங்கிய சிப்பி.

"இது என்ன மேஸ்திரி?"

"பெரியவர் சொன்னாருக்கா."

பெரியவர் என்றால் கணவரின் அண்ணன். மேடை கிடைத்தால் பேசுவார். கிடைக்காவிட்டால் நின்ற இடத்தை மேடையாக்கிக்கொள்வார். குடும்பத்தில் அவருக்குப் பெயர் 'அகராதி'. படிப்புக்காக வைத்த பெயர் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். அவரும் அங்கேதான் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

"ஸ்காலப் சிப்பிம்மா இது. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல புண்ணியத் தலத்துக்கு நடந்தே போனவங்க தொப்பியில குத்திக்கிட்ட அடையாளம். வரியெல்லாம் பாதைங்க. எங்கெங்கிருந்தோ கிளம்பி ஒரே புள்ளியில சேருது பாரு. என் தம்பி வாழ்க்கையே ஒரு யாத்திரை!"

அவளுக்கு உச்சிமண்டை கொதித்தது.

"யாரு, இவரா? தெருமுனையில பால் வாங்கிட்டு வாங்கன்னா மழை வரும்பாரு, அத்தான். வானம் வெளேர்னு கெடக்கும்."

"அது உடம்போட யாத்திரை. நான் சொல்றது ஆத்மா..."

"ஆத்மாவும் அதே நாற்காலியிலதான் உக்காந்திருந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

கல்யாணமான புதிதில் கடலைக் காட்டுகிறேன் என்றவர். அப்புறம் வெயில், அப்புறம் கூட்டம், அப்புறம் முட்டிவலி. இரண்டு பஸ் மாறித் துணி ஆலைக்குப் போனவள் அவள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாமியார் மருந்து எல்லாவற்றுக்கும் அலைந்தவளும் அவள்தான். ஓடித் தேய்ந்தது ஒரு கால், கொலுசு இன்னொரு காலுக்கா? கடலையே பார்க்காதவள் உயிரோடு நிற்க, கடலில் கிடந்ததைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைக்கிறார்களாம்!

"நாளைக்குப் பேரப்பிள்ளைங்க, தாத்தா ஊரெல்லாம் சுத்துனாரான்னு கேட்டா நான் பொய்யா சொல்லணும்? எடுத்துருங்க மேஸ்திரி."

"ஆழமா குடைஞ்சாச்சேக்கா. இதை மட்டமாக்கப் போனா பேரும் சேர்ந்து போயிடும்."

அகராதி கனிவாகப் புன்னகைத்தார். "விதிம்மா. ஏத்துக்கோ."

அந்த 'ஏத்துக்கோ'தான் அவளைக் கல்லருகே குனிய வைத்தது. சிப்பியின் ஒடுங்கிய அடியிலிருந்து விரலால் கீழே ஒரு கோடு இழுத்தாள்.

"இங்கேருந்து ஒரு கைப்பிடி செதுக்குங்க. ஒரு சாண் நீளம் போதும்."

தச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சிரிப்பு மீசைக்குள் அடங்கவில்லை. "அட, விசிறி!"

"ஆமா. கரண்ட் போனா நான் வீசணும், அவர் கண்ணை மூடிக்கணும். என் கை மேலயும் கீழயும் போச்சு பாருங்க, எங்க வீட்டுல நடந்த யாத்திரை அது ஒண்ணுதான்."

"கல்லறையில விசிறியா? பாக்கிறவன் சிரிப்பான்! அதுல என்ன தத்துவம் இருக்கு?"

"காத்து வரும், அத்தான்."

தச்சர் உளியை வைத்து முதல் அடி அடித்தார். கல்தூள் பறந்தது. அண்ணன் சட்டையைத் தட்டிக்கொண்டே வெளியேறி, வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம் சிப்பியின் தத்துவத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.